ஊசியின் வேகமும் கோலின் வீச்சும்



பத்தாண்டு நிறைவைக் கொண்டாடும் இவ்வேளையில் இவ்விலக்கிய வட்டம் எனக்களித்த தலைப்பு, 'பழைய தமிழ்ச் சண்டைப் படங்கள்' என்பது. சங்கப் பாடலும் காப்பியமும் பேசப்படும் மேடையில் சண்டைப் படத்துக்கு என்ன வேலை என்று சிலர் எண்ணக்கூடும். அவ்வெண்ணத்தை நான் குறைசொல்ல மாட்டேன். ஆயினும், சண்டையைக் கலையாகக் கண்டு பாடும் வழக்கம் திரைப்படத்தோடு தமிழுக்கு வந்ததன்று. அது புறநானூற்றிலேயே இருக்கிறது. ஆதலால் திரையரங்கிற்குச் செல்லுமுன் புறநானூற்றின் வாயில் வழியாக உங்களை அழைத்துச் செல்ல விரும்புகின்றேன்.

புறநானூற்றில் 80 முதல் 85 வரையுள்ள ஆறு பாடல்களும் ஒரே வீரனைப் பற்றியவை. அவன் சோழன் போரவைக் கோப்பெருநற்கிள்ளி. முதல் மூன்றைப் பாடியவர் சாத்தந்தையார். பின் மூன்றைப் பாடியவர் பெருங்கோழி நாய்கன் மகள் நக்கண்ணையார். ஆமூர் என்னும் ஊரின் மல்லனோடு கிள்ளி பொருத மற்போரே இவற்றுள் பெரிதும் பேசப்படுவது.

80ஆம் பாடலில் அம்மற்போரின் பிடி அப்படியே காட்டப்படுகிறது. ஒரு கால் மல்லனின் மார்பை அழுத்துகிறது. மற்றொரு கால் அவன் தந்திரத்தைத் தடுத்து முதுகை வளைக்கிறது. பசித்த யானை மூங்கிலைத் தின்னும்போது முறிப்பதுபோலத் தலையும் காலும் ஒருசேர மோதப்படுகின்றன. 'கடும்போர் புரிந்தான்' என்று பொதுவாகப் புலவர் சொல்லிவிடவில்லை. எந்த உறுப்பு எங்கே இருந்தது என்று சொல்கிறார். மற்போர் தெரிந்த ஒருவன் அப்பாட்டைக் கேட்டால், அந்தப் பிடியைத் தானே போட்டுக் காட்ட முடியும்.

82ஆம் பாடல் இதனினும் வியப்புக்குரியது. அப்போர் எத்துணை விரைவாக நிகழ்ந்தது என்று கூற வந்த புலவர், மின்னலையோ காற்றையோ உவமையாகத் தேடவில்லை. கட்டில் பின்னும் ஒரு தொழிலாளியின் கையிலுள்ள ஊசியை உவமையாக்குகிறார். அத்தொழிலாளிக்கு அன்று எல்லா நெருக்கடியும் ஒன்றாக வந்திருக்கின்றன. ஊரில் திருவிழா தொடங்கிவிட்டது, வீட்டில் மனைவிக்குப் பேறுகால வலி கண்டுவிட்டது, மழை பெய்கிறது, பொழுதும் சாய்கிறது. இத்தனைக்கும் நடுவில் எடுத்த வேலையை முடித்தாக வேண்டும். அந்நேரத்தில் அவன் கையில் வார் கோத்த ஊசி எவ்வளவு விரைவாகச் சென்றிருக்கும்! மன்னனின் மற்போர் அதனினும் விரைவானது என்கிறார் சாத்தந்தையார்.

இந்த உவமையை நான் பல ஆண்டுகளாக வகுப்பில் கற்பித்து வருகின்றேன். ஆனால் மண்ணரை மக்களுக்கு அதனை விளக்க வேண்டியதே இல்லை. கப்பலுக்குச் சரக்கு ஏற்ற வேண்டிய நாள் நெருங்கும்போது ஓவர்லாக் இயந்திரத்தின் முன் அமர்ந்திருப்பவரின் கை எப்படி ஓடும் என்பதை இவ்வூர் அறியும். வீட்டில் குழந்தைக்குக் காய்ச்சல், நாளை தீபாவளி, வெளியே மழை என்று இருந்தாலும் அந்த ஊசி நிற்பதில்லை. அத்தொழிலாளியைப் புலவர் தாழ்ந்த ஒரு சொல்லால் சுட்டுகிறார். அஃது அக்காலச் சமுதாயத்தின் கறை; அதனை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் மன்னனின் வீரத்தை அளக்க அவருக்குக் கிடைத்த அளவுகோல் அத்தொழிலாளியின் கையே என்பதையும் சேர்த்தே நாம் நினைவிற் கொள்ள வேண்டும்.

இனி 85ஆம் பாடல். நக்கண்ணையார் ஒரு பெண். கிள்ளியின்மேல் காதல் கொண்டவர். அவன் பொருத ஊர் அவனுடைய சொந்த ஊரன்று. ஆதலால் கூடியிருந்தோரில் ஒரு சாரார் வெற்றி அவனுக்கே என்கின்றனர். மறு சாரார் இல்லை என்கின்றனர். இவரோ காற்சிலம்பு ஒலிக்க ஓடிவந்து, தம் வீட்டு முன்றிலில் நிற்கும் பனைமரத்தின் அடியில் சாய்ந்து நின்று, கண்ணாரக் காண்கிறார். வெற்றி அவனுக்கே என்று தம் கூற்றாகவே உறுதிப்படுத்துகிறார். கூட்டம் இரண்டுபட்டு நிற்க, தீர்ப்புரைப்பது ஒரு பெண்ணின் கண்.

உடலின் துல்லியம், உழைப்பால் அளக்கப்படும் விரைவு, காண்பவரின் கண் ஆகிய இம்மூன்றும் அமைந்த சண்டைக் காட்சியே நற்காட்சி என்பது இப்பாடல்கள் எனக்குக் கற்பித்த இலக்கணம். இவ்விலக்கணத்தைக் கையிற் கொண்டே பழைய படங்களைக் காண முயல்கின்றேன்.

தமிழ்த் திரைப்படத்துக்குச் சண்டை வந்தது நாடக மேடையிலிருந்து. மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனி போன்ற நாடகக் குழுக்களில் சேர்ந்த சிறுவர்கள் பாட்டும் வசனமும் கற்றதோடு வாட்பயிற்சியும் உடற்பயிற்சியும் பெற்றனர். அக்குழுவில் வளர்ந்த பி.யு.சின்னப்பா, 1940இல் வெளிவந்த 'உத்தமபுத்திர'னில் இரட்டை வேடம் ஏற்றார். அதே குழுவில் வளர்ந்த எம்.ஜி.ராமச்சந்திரன் 1936இல் திரைக்கு வந்தும், கதாநாயகனாவதற்கு 1947 வரை காத்திருக்க நேர்ந்தது. அவரைக் கதாநாயகனாக்கிய 'ராஜகுமாரி', ஏ.எஸ்.ஏ.சாமி இயக்கத்தில் ஜூபிடர் நிறுவனம் எடுத்த படம். அது நமக்கு அண்மையிலுள்ள கோவையின் சென்ட்ரல் ஸ்டூடியோவில் உருவாயிற்று. அப்படத்தில் அவரோடு மோதியவர் கோவை இராமநாதபுரத்தைச் சேர்ந்தவரும் உடற்பயிற்சியால் 'சாண்டோ' என்னும் அடைமொழி பெற்றவருமான எம்.எம்.ஏ.சின்னப்பா தேவர். பின்னர் 1956இல் தேவர் பிலிம்ஸ் தொடங்கி, 'தாய்க்குப்பின் தாரம்' எடுத்துப் பெரும் தயாரிப்பாளராக உயர்ந்தவரும் அவரே. ஆகவே தமிழ்ச் சண்டைப் படத்தின் வரலாற்றில் கொங்கு மண்ணுக்கு ஓர் அதிகாரமே உண்டு.

மேடையிலிருந்து திரைக்கு என்னும் இப்பயணம் தமிழுக்கு மட்டும் உரியதன்று. ஹாங்காங்கில் கிங் ஹூ என்னும் இயக்குநர் 1966இல் 'கம் டிரிங்க் வித் மீ' என்ற வாட்போர்ப் படத்தை எடுத்தபோது, சீனத்துப் பீக்கிங் இசை நாடகத்தின் தாளத்தையும் அடவையும் சண்டைக்குள் கொணர்ந்தார். அதன் நாயகி செங் பெய்-பெய் நாட்டியம் பயின்றவர். கூத்தும் போரும் ஒரே உடலில் பிறந்தவை என்பதற்கு இது தக்க சான்று. தமிழிலும் 'ஆடல்' என்னும் சொல்லுக்குக் கூத்து என்றும் போர் என்றும் பொருளுண்டு.

நம் தொடக்கக் காலப் படங்களின் கருவி வாள். வாள் என்றால் அரண்மனை, இளவரசி, கொடிய தளபதி, மாறுவேடம். 1950இல் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் வெளியிட்ட 'மந்திரி குமாரி'யிலும் வாட்போர் உண்டு. ஆனால் குண்டலகேசிக் கதையைத் தழுவிய அப்படத்தில் நெஞ்சில் நிற்கும் செயல் வாளால் நிகழ்வதன்று. தன்னைக் கொல்ல மலையுச்சிக்கு அழைத்து வந்த கணவனை மனைவி தள்ளிவிடுகிறாளே, அந்த ஒரு தள்ளல்தான் அது. 1958இல் எம்.ஜி.ஆர். தாமே தயாரித்து இயக்கி இரு வேடங்களில் நடித்த 'நாடோடி மன்ன'னில் வாள், அரசன் கையிலிருந்து நாடோடியின் கைக்கு வருகிறது. முடியாட்சியின் கதையைக் கூறிக்கொண்டே முடியாட்சியின் முடிவையும் கூறிய படம் அது.

அதன் பிறகு கருவி மாறுகிறது. 1963இல் வந்த 'பெரிய இடத்துப் பெண்' போன்ற படங்களில் நாயகன் சிலம்பக் கோலை ஏந்துகிறான். களம் அரண்மனையிலிருந்து ஊர்ப்பொதுவுக்கு இறங்குகிறது. இம்மாற்றத்தைச் சிறிது நின்று நோக்க வேண்டும்.

'கோல்' என்பது தமிழில் எத்தனை பொருள் சுமக்கும் சொல்! செங்கோல், கொடுங்கோல், துலாக்கோல், அளவுகோல், எழுதுகோல், ஊன்றுகோல். ஆட்சி, நீதி, வணிகம், கல்வி, முதுமை அனைத்தும் ஒரு கோலைப் பிடித்தே நிற்கின்றன. வாளைச் செய்ய உலையும் இரும்பும் வேண்டும். அதனை வைத்திருக்க உரிமை வேண்டும். கோலுக்கோ ஒரு மூங்கில் போதும். உழவனும் ஆயனும் இரவுக் காவலனும் எப்போதும் கையில் வைத்திருந்த பொருள் அது. ஆகையால் அரசர்க்குரிய கருவியை விட்டு எளியோர்க்குரிய கருவியைத் திரைநாயகன் எடுத்தபோது, அவன் எவர் பக்கம் நிற்கிறான் என்பதை வசனமின்றியே மக்கள் உணர்ந்துகொண்டனர்.

இவ்வூருக்குக் கோலைப் பற்றி வேறொரு நினைவும் உண்டு. 1932 ஜனவரி 10ஆம் நாள் திருப்பூர் வீதியில் கொடியேந்திச் சென்ற குமரன், காவலரின் தடியடிக்கு ஆளாகி மறுநாள் உயிர்நீத்தார். அவர் நெசவுக் குடும்பத்தில் பிறந்தவர். ஆட்சியின் கையிலிருந்த தடியும் கோல்தான். அவர் தாங்கிய கொடியின் தண்டும் கோல்தான். எவர் கையில், எதன்பொருட்டு என்பதைக் கொண்டே கோலின் பொருள் அமைகிறது.

சிலம்பத்தைப் பற்றி மேடைகளில் அடிக்கடி சொல்லப்படும் ஒரு செய்தியையும் இங்குத் தெளிவுபடுத்த வேண்டும். மதுரைக் கடைவீதியில் வெளிநாட்டு வணிகர்க்குச் சிலம்பக் கோல் விற்கப்பட்டதாகச் சிலப்பதிகாரம் கூறுகிறது என்பர் பலர். ஊர்காண் காதையின் அங்காடி வீதியில் உடலிற் பூணும் கவசம் வருகிறது. யானையை அடக்கும் தோட்டி வருகிறது. கேடய வகைகள் வருகின்றன. ஆனால் சிலம்பக் கோல் அங்கே பெயர் சொல்லிக் குறிக்கப்படவில்லை. நம் கலைக்குப் பெருமை சேர்க்க இல்லாத சான்றைக் காட்ட வேண்டியதில்லை. இருக்கும் சான்றே போதும். அச்சான்று இன்றும் ஆசான்களின் உடலில் உயிரோடிருக்கிறது.

சிலம்பத்தில் கோலின் உயரம் ஆடுபவரின் நெற்றியளவு என்பது பொதுவழக்கு. முதற்பாடம் கோலில் இல்லை, காலில் இருக்கிறது. காலடி எனப்படும் அடிவைப்பு முறைகளைக் கற்ற பின்னரே வீச்சும் தடுப்பும் கற்பிக்கப்படும். கால் தவறினால் கோல் தவறும் என்பது ஆசான்களின் பாடம். ஆளுயரக் கோலை இருபுறமும் சுழற்றும்போது ஆடுபவரைச் சுற்றிப் பெரியதொரு வட்டம் உருவாகிறது. அவ்வட்டம் முழுவதும் படச்சட்டத்துக்குள் அடங்க வேண்டுமானால் கேமரா விலகி நின்றே ஆக வேண்டும். வாட்போரில் முகத்தையும் வாள்நுனியையும் தனித்தனியே அண்மையில் காட்டி, வெட்டி ஒட்டி, வீரத்தை உண்டாக்கிவிடலாம். கோலாட்டத்தில் அது கடினம். தலைமுதல் கால்வரை உடல் தெரிய வேண்டும். எதிராளியும் தெரிய வேண்டும். கேமராவைச் சற்று மெதுவாக ஓட்டிப் படம்பிடித்து, திரையில் வேகத்தைக் கூட்டும் உத்தி அந்நாளில் உண்டு. ஆனால் தெரியாத காலடியைத் தெரிந்ததாகக் காட்ட எந்த உத்தியாலும் இயலாது. சாத்தந்தையார் கேட்ட உடலின் துல்லியம் இங்கே கருவியினாலேயே கட்டாயமாகிறது.

இப்பின்னணியில், 1971 மே மாதம் வெளிவந்த 'ரிக்‌ஷாக்காரன்' படத்தை நோக்குவோம். நான் பிறப்பதற்கு முன் வந்த படம். சத்யா மூவீஸ் தயாரிப்பு, இயக்கியவர் எம்.கிருஷ்ணன் நாயர், எம்.ஜி.ஆருடன் மஞ்சுளா, பத்மினி ஆகியோர் நடித்தனர். நாயகன் முதுகலை படித்தவன். ஆயினும் சைக்கிள் ரிக்‌ஷா ஓட்டிப் பிழைப்பவன். அவன் ரிக்‌ஷாவில் அமர்ந்தபடியே கோல் சுழற்றிப் பலரை எதிர்கொள்ளும் காட்சி, அப்படத்தைக் கண்டோர் எவரும் மறக்காதது.

அக்காட்சியைச் சிலம்பம் அறிந்த கண்ணோடு பாருங்கள். சிலம்பத்தின் உயிர் காலடி என்றேன். இங்கே நாயகனுக்குக் காலடியே இல்லை. அவன் கால்கள் மிதியில் இருக்கின்றன. நிலத்தைத் தொடாத ஒருவன் எவ்வாறு சிலம்பம் ஆடுவான்? சக்கரம் அவனுக்குக் காலாகிறது. வண்டி வளைந்து திரும்புவதே அடிவைப்பாகிறது. முன்செல்வதும் விலகுவதும் மிதியின் செயலாகிறது. நாள்தோறும் பயணியை ஏற்றிச் செல்ல அவன் செய்யும் அதே மிதித்தல்தான் இங்கே போர்முறையாக மாறி நிற்கிறது. தொழிலை விட்டிறங்கி அவன் வீரனாகவில்லை. தொழிலில் இருந்தபடியே வீரனாகிறான்.

சாத்தந்தையார் மன்னனின் போரை உழைப்பாளியின் ஊசியால் அளந்தார். ஊசி உவமையாக நின்றது. ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்குப் பின் வந்த இக்காட்சியில் அவ்வுவமையே பொருளாகிவிட்டது. மன்னன் இல்லை, உழைப்பாளியே களத்தில் இருக்கிறான், அவனுடைய தொழிற்கருவியே அவனுக்குத் தேர். இப்படத்தை எடுத்தவர்கள் புறநானூற்றை நினைத்தார்கள் என்று நான் கூறவரவில்லை. ஒரு மொழியின் மக்கள் வீரத்தைக் காணும் முறை நெடுங்காலம் தொடர்ந்து வரும் என்பதே என் கருத்து.

அப்படத்துக்காக 1971ஆம் ஆண்டின் சிறந்த நடிகருக்கான தேசிய விருதை எம்.ஜி.ஆர். பெற்றார். படம் வெளிவந்தபோது அவர் அகவை 54. மனிதனை மனிதன் இழுக்கும் கை ரிக்‌ஷாவைத் தமிழக அரசு 1973இல் ஒழித்தது. அதற்கு இப்படமே காரணம் என்று சொல்வது மிகையாகும். ஆயினும் ரிக்‌ஷா ஓட்டுபவரின் உழைப்பு மக்கள் மனத்தில் இடம்பெற்றிருந்த காலம் அது என்பதற்கு இரண்டும் அடையாளங்கள்.

1973இல் சண்டைப் படத்தின் வரலாறு உலகெங்கும் திசை திரும்பியது. அவ்வாண்டு மே மாதம் 'உலகம் சுற்றும் வாலிபன்' வெளிவந்து, தமிழ் நாயகனைக் கீழை நாடுகளுக்கு அழைத்துச் சென்றது. ஜூலையில் புரூஸ் லீ மறைந்தார். ஆகஸ்டில் அவருடைய 'என்டர் தி டிராகன்' வெளிவந்தது. அதன்பின் நம் இளைஞர்க்குக் கராத்தேயும் குங்ஃபூவும் கனவுகளாயின. கோல் பழைமையின் அடையாளமாயிற்று. 1976இல் வந்த 'உழைக்கும் கரங்கள்' படத்தில் எம்.ஜி.ஆர். மான்கொம்பு ஏந்திச் சண்டையிட்டது, விடைபெறப்போகும் ஒரு மரபைத் திரையில் பதிந்து வைத்ததுபோல் எனக்குத் தோன்றுகிறது. கீழை நாட்டுக் கலைகளைக் கற்பது குற்றமன்று. ஆனால் அக்கலைகளுக்கு நூலும் படமும் பட்டையும் பள்ளியும் இருந்தன. நம் ஊர் ஆசானுக்கோ களமும் நினைவும் மட்டுமே இருந்தன.

இத்துணை புகழ்ந்த நான், இப்படங்களின்மேல் எழும் இரண்டு வினாக்களையும் மறைக்கக் கூடாது.

முதலாவது, ஒருவன் இருபது பேரை வீழ்த்துகிறான். இது நம்பத்தக்கதா என்பது. நம்பத்தக்கதன்று. ஆனால் எனக்கு முதன்மையாகத் தோன்றும் வினா, அந்த இருபது பேர் யார் என்பதே. அவர்களும் சிலம்பம் தெரிந்தவர்கள். நாயகனின் கோல் வரும் நொடியை அறிந்து, சரியான தொலைவில் நின்று, சரியான கணத்தில் விழத் தெரிந்தவர்கள். விழுவதும் ஒரு கலையே. அவர்கள் பிசகினால் நாயகனின் வீச்சும் பிசகும். அவர்களுடைய பெயர்கள் பெரும்பாலும் திரையில் வரவில்லை. வந்தாலும் எவரும் படிக்கவில்லை. இந்தியாவின் தேசியத் திரைப்பட விருதுகளில் சண்டைப் பயிற்சிக்கென ஒரு விருது 2016ஆம் ஆண்டின் படங்களிலிருந்துதான் வழங்கப்பட்டது. 'ரிக்‌ஷாக்கார'னுக்கு விருது கிடைத்த ஆண்டிலிருந்து கணக்கிட்டால் 45 ஆண்டுகள். அமெரிக்காவின் ஆஸ்கார் விருதிலும் 2027ஆம் ஆண்டின் படங்களுக்கே சண்டை வடிவமைப்பு விருது முதன்முதலாக வழங்கப்படும் என 2025இல் அறிவித்தனர். அதே 2025இன் ஜூலை மாதத்தில், நாகப்பட்டினம் மாவட்டத்தில் நடந்த ஒரு படப்பிடிப்பில், கார் கவிழும் காட்சியில் சண்டைக் கலைஞர் ஒருவர் உயிரிழந்தார். நாம் கைதட்டும் காட்சியின் பின்னே ஒரு தொழிலாளியின் முதுகெலும்பு இருக்கிறது. பனியனை அணிந்து மகிழ்பவர், அதனைத் தைத்த கையை அறிவதில்லை. திரையரங்கிலும் அதுவே நிகழ்கிறது.

இரண்டாவது வினா பெண்ணைப் பற்றியது. 1935இல் பம்பாயில் 'ஹன்டர்வாலி' படத்தில் நாடியா சாட்டையேந்தினார். 1937இல் தமிழில் வந்த 'மின்னல்கொடி'யில் கே.டி.ருக்மணி ஆண் வேடம் பூண்ட கொள்ளையராகத் தோன்றினார். இவ்வாறு தொடங்கிய தமிழ்ப்படம், பின்னர்ப் பல்லாண்டுகள் பெண்ணைச் சண்டைக் காட்சியின் ஓரத்தில் நிறுத்திவிட்டது. அவள் கடத்தப்படுவாள், கட்டி வைக்கப்படுவாள், அஞ்சி அலறுவாள், வெற்றி பெற்றவனை நோக்கி ஓடி வருவாள். நக்கண்ணையாரும் ஓடித்தான் வந்தார். ஆனால் அவர் ஓடியது காண்பதற்காக, கண்டது உரைப்பதற்காக. அந்தக் கண்ணும் அந்தக் கூற்றும் திரைநாயகியரிடமிருந்து பறிக்கப்பட்டன. காண்பவளின் தீர்ப்பு இல்லாத சண்டையில், புறநானூறு கற்பித்த இலக்கணத்தின் மூன்றாம் கூறு குறைவுபடுகிறது.

இக்குறையைத் திரைக்கு வெளியே இன்றைய பெண்குழந்தைகள் நிறைவு செய்து வருகின்றனர். 2024 ஜனவரியில் தமிழகத்தில் நடைபெற்ற கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுப் போட்டிகளில் சிலம்பம் காட்சி விளையாட்டாக இடம்பெற்றது. பள்ளி மைதானங்களில் மாலை வேளைகளில் சிறுமியர் கோல் சுழற்றுவதை நீங்களும் கண்டிருப்பீர்கள். என் வகுப்பில் ஒரு மாணவி. அவள் தாய் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்ப்பவர். புறநானூற்று 85ஆம் பாடலை நான் நடத்தி முடித்ததும் அவள் எழுந்து, "அம்மா, நக்கண்ணையாருக்கு ஒரு கோல் கொடுத்திருந்தால் மரத்தடியில் நின்றிருப்பாரா?" என்று கேட்டாள். வகுப்பு சிரித்தது, நானும் சிரித்தேன். ஆனால் அவ்வினா சிரிப்போடு முடியவில்லை. இரவு முறை முடித்து இருட்டில் தனியே நடந்து வரும் பெண்கள் நிறைந்த ஊர் இது. இங்கே ஒரு பெண்ணின் கையிலுள்ள கோல், போட்டிப் பதக்கத்துக்கு உரியது மட்டுமன்று. அச்சமின்றி நடப்பதற்கும் உரியது.

இறுதியாக, இவ்வட்டத்தின் முன் ஒரு வேண்டுகோளை வைக்க விரும்புகின்றேன்.

தமிழின் முதல் பேசும் படமான 1931ஆம் ஆண்டின் 'காளிதாஸ்' இன்று நம்மிடம் இல்லை. தென்னகத்து மௌனப் படங்களுள் 1933ஆம் ஆண்டின் 'மார்த்தாண்ட வர்மா' எஞ்சியிருப்பதே ஓர் அரிய நிகழ்வாகப் பேசப்படுகிறது. படச்சுருள் தீயில் எரியும்; ஈரத்தில் அழியும்; கவனிப்பாரின்றி வீணாகும். சங்கப் பாடல்களைக் கரையானிடமிருந்து மீட்டுப் பதிப்பித்த உ.வே.சாமிநாதையரைப் போற்றும் நாம், உடலில் எழுதப்பட்ட ஏடுகளை மறந்துவிடக் கூடாது. சிலம்ப ஆசான்கள் ஒவ்வொருவரும் ஓர் ஏடு. அவர்கள் அடிவைப்புக்கும் வீச்சுக்கும் பிடிக்கும் வழங்கும் சொற்கள் வட்டாரத்துக்கு வட்டாரம் வேறுபடுகின்றன. அவற்றுள் பல அகராதிகளில் ஏறாதவை. ஓர் ஆசான் மறைந்தால் அச்சொற்களும் அவரோடு மறையும்.

மண்ணரையிலும் ஊத்துக்குளிச் சாலையிலும் சுற்றியுள்ள சிற்றூர்களிலும் சிலம்பம் கற்பிக்கும் ஆசான்களை இவ்வட்டத்தினர் தேடிச் செல்ல வேண்டும். அவர்கள் ஆடிக் காட்டுவதைத் தலைமுதல் கால்வரை தெரியும்படி, வெட்டாமல், பழைய படங்களைப் போலவே விலகி நின்று பதிவு செய்ய வேண்டும். இன்று ஒவ்வொருவர் கையிலும் உள்ள செல்பேசியே அதற்குப் போதும். ஒவ்வோர் அசைவுக்கும் அவர்கள் சொல்லும் பெயரை அவர்கள் ஒலிப்பிலேயே எழுதி வைக்க வேண்டும். திரைப்படங்களில் கோலெடுத்து ஆடியும் விழுந்தும் உழைத்தவர்கள் எவரேனும் இப்பகுதியில் இருந்தால், அவர்கள் நினைவுகளையும் கேட்டுப் பதிய வேண்டும். அடுத்த ஆண்டு மலரில் அச்சொற்பட்டியல் வெளிவருமானால், எந்தப் பல்கலைக்கழகமும் செய்யாத தமிழ்ப்பணியை இவ்வட்டம் செய்ததாகும். சொல் ஆய்வில் என்னால் இயன்ற உதவியைச் செய்யக் காத்திருக்கின்றேன். என் மாணவியரையும் அனுப்பி வைக்கின்றேன்.

கட்டில் பின்னியவனின் பெயரைச் சாத்தந்தையார் நமக்குச் சொல்லவில்லை. அவன் ஊசியின் விரைவை மட்டும் சொல்லிச் சென்றார். இக்காலத்தில் நாம் பெயரையும் சேர்த்தே எழுதி வைக்கலாம்.